நாக்கில் ஒரு வெள்ளைப் படலம்

இன்னைக்கு எபிசோடு என் நாக்குல இருந்து ஆரம்பிக்குது.

எனக்கு ஆஸ்துமா. தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பேன். ஒருநாள் பல் தேய்க்கும்போது பார்த்தா, நாக்குலயும் கன்னத்தோட உள்பக்கமும் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டுகள். சுரண்டினா சிவந்து லேசா ரத்தம். ராத்திரி நெட்ல தேடித் தேடி, கடைசியில 'எய்ட்ஸ்'ங்கிற வார்த்தையில வந்து நின்னேன். தூக்கம் போச்சு.

மறுநாள் டாக்டர் பார்த்துட்டு, "ஓரல் த்ரஷ்தான். இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளிக்கிறீங்களா?"ன்னு கேட்டார். இல்ல. மருந்து கொடுத்தார், ரெண்டு வாரத்துல சரியாயிடுச்சு. ஆனா ஒரு கேள்வி மட்டும் மனசுல நின்னுச்சு. இவ்வளவு சாதாரணமான விஷயத்தோட அந்த வார்த்தை எப்படி ஒட்டிக்கிச்சு?

இதுக்குக் காரணம் கேண்டிடாங்கிற பூஞ்சை. ஆரோக்கியமான பலரோட வாயிலயும் இது சும்மா இருக்கும். நம்ம எதிர்ப்பு சக்தியும், வாயில இருக்கிற பாக்டீரியாக்களும் அதை அடக்கி வெச்சிருக்கும். 1940-களில் ஆன்டிபயாட்டிக்குகள் பரவலானபோது பாக்டீரியாக்கள் செத்தன, பூஞ்சைக்கு இடம் கிடைச்சது. அதுக்கு நல்ல மருந்து இல்லை.

மருந்தைக் கண்டுபிடிச்சது ரெண்டு பெண்கள். நியூயார்க் நகரத்தில் எலிசபெத் ஹேசன், ஆல்பனியில் ரேச்சல் பிரவுன். ஒருத்தர் மண்ணுல இருந்து நுண்ணுயிர்களை வளர்ப்பார், இன்னொருத்தர் அதுல இருந்து வேதிப்பொருளைப் பிரிப்பார். மாதிரிகள் தபால்லயே போய் வந்தன. வர்ஜீனியாவில் ஒரு பால் பண்ணையோட மண்ணுல அது கிடைச்சது. 1950-இல் உலகத்துக்கு அறிவிச்சாங்க. நியூயார்க் ஸ்டேட் நினைவா 'நிஸ்டாட்டின்'னு பேர். ராயல்டியா வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேலான பணத்தை அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துட்டாங்க.

அப்போ கதை முடிஞ்சதா? இல்லை.

1981 ஜூன் 5. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோட வார அறிக்கையில் ஒரு சின்னக் குறிப்பு. லாஸ் ஏஞ்சலிஸ்ல 5 இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா. ரெண்டு பேர் ஏற்கெனவே இறந்துட்டாங்க. அந்த 5 பேருக்குமே கேண்டிடா தொற்றும் இருந்தது. பின்னாடி எய்ட்ஸ்னு பேர் வாங்கின நோயைப் பத்தி வெளிவந்த முதல் பதிவு அதுதான்.

அங்க அவங்களைக் கொன்னது த்ரஷ் இல்லை. உடம்போட காவல் சரிஞ்சுட்டதைச் சொன்ன அறிகுறிகள்ல அதுவும் ஒண்ணு. காவல் இல்லாத உடம்புல அது உணவுக்குழாய்க்கு இறங்கும், விழுங்கவே வலிக்கும், சாப்பாடு குறையும். அரிதா, ரொம்ப பலவீனமானவங்களுக்கு, பூஞ்சை ரத்தத்துலயும் கலக்கலாம், அப்போ உயிருக்கே ஆபத்து.

பூஞ்சை ஒண்ணுதான். யாரோட வாயில வந்திருக்குங்கிறதுதான் முடிவைத் தீர்மானிக்குது. கைக்குழந்தைக்கோ, என்னை மாதிரி இன்ஹேலர்காரருக்கோ பெரும்பாலும் சுலபமா போயிடும். காரணமே தெரியாம வந்தா, திரும்பத் திரும்ப வந்தா, விழுங்க வலிச்சா, டாக்டர்கிட்ட போங்க. சுகர், எச்.ஐ.வி. பரிசோதனை எடுக்கச் சொன்னா கூச்சப்படாதீங்க. இன்னைக்கு ரெண்டுக்கும் சிகிச்சை இருக்கு. 1981-இல் அந்த 5 பேருக்கு அது கிடைக்கல.

நான் இப்போ தவறாம வாய் கொப்பளிக்கிறேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.