ரெடிஸ் நடந்து வந்த வழி

2009ஆம் ஆண்டு. சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ, இணையதளங்களுக்கு யார் வருகிறார்கள் என்பதை உடனுக்குடன் காட்டும் சேவை ஒன்றை நடத்திவந்தார். ஒவ்வொரு தளத்துக்கும் கடைசியாகப் பார்க்கப்பட்ட பக்கங்களின் பட்டியல் தேவை. புதியது வந்தால் பழையது கழிய வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பட்டியலை அப்படியே ராமில் வைத்திருக்கும் சர்வரைத் தானே எழுதினார். அதில் எல்புஷ் கட்டளை தலையில் ஒன்றைச் சேர்க்கும், எல்ட்ரிம் வாலை நறுக்கும். அப்படிப் பிறந்ததுதான் ரெடிஸ்.

மூலத் தரவைத் தாங்கவே பிறந்தது அது. ஆனால் பெரும்பாலோர் அதை வேறொரு டேட்டாபேஸுக்கு முன்னால் நிற்கும் கேஷாகவே வைத்துக்கொண்டார்கள். மின்சாரம் போனால் ராமில் இருப்பதும் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அதற்கு ரெடிஸிடம் ஏஓஎஃப் என்ற பதிவேடு உண்டு. ஒவ்வொரு மாற்றமும் அதில் வரிசையாக ஏறும். மறுபடி எழும்போது அதைப் படித்தே நினைவை மீட்கும். வழக்கமான அமைப்பில் வினாடிக்கு ஒருமுறை வட்டில் உறுதிசெய்யப்படும் என்பதால், இழப்பு ஏறக்குறைய ஒரு வினாடி எழுத்தோடு நிற்கும்.

தேடல்தான் நெடுநாள் குறை. சாவி தெரிந்தால் மட்டுமே மதிப்பு கிடைக்கும். '200 ரூபாய்க்குள் உள்ள நாவல்கள்' என்று கேட்க, நிரலாளர்கள் தாங்களே தனிப் பட்டியல்களைப் பராமரித்தார்கள். விலையை மாற்றிவிட்டுப் பட்டியலை மறந்தால் விடை பொய்யாகும். 2016இல் ரெடிசர்ச் என்ற தேடல் கூறு வந்தது. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில், 'புத்தகம்:' என்று தொடங்கும் சாவிகளுக்கு ஒருமுறை இண்டெக்ஸ் அறிவித்தால் போதும். ஹெச்செட் கட்டளை விலையைத் திருத்தும்போதே இண்டெக்ஸும் திருந்தும்.

2024 மார்ச்சில் ரெடிஸின் திறந்த மூல உரிமம் மாறியதும் சமூகம் பிளந்து வால்கி என்ற கிளை பிறந்தது. 2020இல் பொறுப்பிலிருந்து விலகியிருந்த சான்ஃபிலிப்போ 2024 இறுதியில் திரும்பினார். 2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8, தேடலையும் ஜேசானையும் தன்னுள்ளேயே கொண்டு, ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தையும் ஏற்றது.

இன்று ரெடிஸை முதன்மை டேட்டாபேஸாக வைக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. தரவும் இண்டெக்ஸும் சேர்ந்து ராமில் அடங்க வேண்டும். ஏஓஎஃப் இயங்க வேண்டும். பிரதியொன்று வேறு கணினியில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேஷுக்கென வைத்திருந்த எவிக்‌ஷன் அமைப்பை 'நோஎவிக்‌ஷன்' என்று மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால், ராம் நிறையும் நாளில் ரெடிஸ் வாடிக்கையாளரின் கணக்கையே சத்தமில்லாமல் அழித்து இடம் பண்ணிக்கொள்ளும்.