சாம்பல் நிற எம்டன்

கப்பலொன்றின் பெயர் தமிழில் பொதுச்சொல்லாகிப் போனதற்கு எம்டனைத் தவிர வேறு எடுத்துக்காட்டு என் நினைவுக்கு வரவில்லை. "அவனா? பெரிய எம்டனாயிற்றே!" என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் கப்பலைக் கண்டவரல்லர். அது ஜெர்மானியப் போர்க்கப்பல் என்பதையும் அறிந்தவரல்லர். சூழ்ச்சியும் துணிவும் ஒருங்கே படைத்தவன் என்பதே அவரளவில் அச்சொல்லின் பொருள். 2006இல் 'எம்டன் மகன்' என்ற பெயரோடு புறப்பட்ட திரைப்படம், தமிழ்ப் பெயர்களுக்கான வரிவிலக்கை முன்னிட்டு 'எம் மகன்' ஆகியது. ஒரு நூற்றாண்டாக நம் நாவில் புழங்கிய பின்னும் அச்சொல் தமிழாகவில்லை போலும்!

சொல்லுக்குப் பின்னால் இருந்த நிகழ்ச்சி சிறியது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. தேடுவிளக்கை ஏற்றிப் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தது; ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்துவிட்டு இருளில் மறைந்தது. தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றிலும் குண்டுகள் விழுந்து சிலர் மாண்டனர். சேதத்தைவிட அச்சமே பெரிதாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். உயர்நீதிமன்ற மதிலருகே பதிக்கப்பட்ட கல் ஒன்று அந்த இரவை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

மாதிரிக் கப்பல்கள் செய்வது என் ஓய்வுநேரப் பழக்கம் என்பதை வட்டத்து அன்பர்கள் அறிவர். சிலர் அதைக் கேலி செய்ததும் உண்டு. ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் 1/350 அளவில் வெளியிட்ட எம்டனை நான் ஒட்டத் தொடங்கியபோது எழுந்த முதற்கேள்வி மிக எளியது: இந்தக் கப்பல் என்ன நிறம்?

அமைதிக் காலத்தில் அது வெள்ளை. சீனக் கடற்கரையின் சிங்தாவ் துறைமுகத்தில் தங்கியிருந்த ஜெர்மானியக் கிழக்காசியப் படைப்பிரிவின் கப்பல்கள் வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறப் புகைபோக்கிகளும் கொண்டவை. எம்டனைக் 'கிழக்கின் அன்னம்' என்றே அழைத்தனர். போர் மூண்டதும் அன்னத்தின்மேல் சாம்பல் நிறம் ஏறியது. சென்னைக்கு வந்தது அன்னமன்று. சாம்பல் நிற எம்டன். எனினும் பல மாதிரிகள் வெள்ளையாகவே நிற்கின்றன. வெள்ளை அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மாதிரிக் கப்பற்கலையின் நெடிய வரலாற்றில் அழகே பெரும்பாலும் வென்று வந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடற்படைக் கழகத்துக்காகச் செய்யப்பட்ட மரமாதிரிகள் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1/48 அளவில், அடிப்பகுதியின் பலகைகளை விலக்கி விலாச்சட்டங்கள் தெரியுமாறு செய்யப்பட்டவை அவை. பின்னாளில் கப்பல் கட்டும் நிறுவனங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்த மாதிரிகளும் அப்படியே, மாசுமறுவற்றவை. அவை காட்டியது கப்பலின் பிறந்தநாளை. அது வாழ்ந்த நாட்களை அல்ல.

பிளாஸ்டிக் வந்தபின் இந்தக் கலை வீட்டு மேசைக்கு இறங்கியது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து உற்பத்தியாளர்கள் 1971இல் தம் நாட்டுப் போர்க்கப்பல்களைப் பங்கிட்டுக்கொண்டு 1/700 அளவில், நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் வெளியிடலாயினர். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெயின் போன்றோர் போர்க்காட்சிகளைப் புழுதியோடும் சேற்றோடும் அமைத்துக்காட்டினர். டாங்கிகளில் தொடங்கிய அந்த அழுக்கேற்றும் கலை மெல்ல மெல்லக் கப்பல்களையும் பற்றிக்கொண்டது.

பற்றிக்கொண்டபின் அளவு கெட்டது. துருப்பிடித்து ஒழுகாத கப்பலை இன்று எவரும் மதிப்பதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான மாலுமிகள் நாளும் சுரண்டி வண்ணம் பூசும் போர்க்கப்பலில் துரு கண்ட இடமெல்லாம் வராது. நங்கூரச் சங்கிலி உராயும் துளையின் கீழ் வரும். மேல்தளத்து நீர் வழியும் வாய்களின் கீழ் கோடாக இறங்கும். படகும் பிற கப்பலும் இடித்த இடத்தில் வரும். எம்டனுக்கு அப்போது அகவை ஆறு; 1908இல் நீரில் இறக்கப்பட்ட கப்பல். அதன் அழுக்கு பெரும்பாலும் துருவன்று, கரி.

இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. எம்டன் பழைய வகை நீராவி எந்திரம் கொண்ட நிலக்கரிக் கப்பல். கப்டன் கார்ல் ஃபொன் முல்லர் ஆகஸ்டு நடுவில் தலைமைப் படைப்பிரிவிலிருந்து பிரிந்து, மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலைத் துணைகொண்டு தனியே இந்துமாக்கடலுக்குள் நுழைந்தார். இங்கே அவருக்கு நட்புத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. இரு கப்பல்களும் கடலிலேயே பக்கமாக அணைந்து நின்று கரி மாற்றின. அலையில் மோதி மோதி எம்டனின் பக்கங்கள் நசுங்கின. கிடங்கில் இடம் போதாமல் மேல்தளத்திலும் கரியைக் குவித்தனர். அதன் நடுவே, பிடிபட்ட கப்பல்களிலிருந்து வந்த பன்றிகளும் ஆடுகளும் கோழிகளும் வேறு. வங்கக்கடலில் செப்டம்பர் 10 அன்று பிடிபட்ட இண்டஸ் கப்பலில் சோப்பு ஏராளமாகக் கிடைத்தது. தட்டுப்பாட்டில் இருந்த மாலுமிகள் மகிழ்ந்தனராம். ஆட்களுக்குச் சோப்பு கிடைத்தது, கப்பலுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே என் மாதிரிக்கு ஆரஞ்சு நிறத் துருப்பொடி வேண்டியிருக்கவில்லை. ஓவியருக்குரிய கரிக்கட்டியை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, தளத்தின் மூலைகளில் தூரிகையால் ஒற்றினேன். சாம்பல் வண்ணத்தையும் சற்று வெளுப்பாகவே கலந்தேன். தொலைவில் நிற்கும் கப்பலுக்கும் நமக்கும் இடையே காற்று இருக்கிறதல்லவா, அது நிறத்தை வெளிறச் செய்கிறது. பக்கவாட்டில் நசுங்கலைக் காட்டச் சூடான ஊசியால் அழுத்தியதில் ஒரிடம் உருகிவிட்டது. அதன்மேல் ஒரு கயிற்றுச் சுருளைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறேன். வரலாற்றாசிரியர்களும் இதைச் செய்வதுண்டு.

இந்த நிலையில் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், கப்பலைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "செண்பகராமன் எங்கே?" என்று கேட்டார். 1/350 அளவில் மனிதர் அரை சென்டிமீட்டர் உயரம். ஒரு உருவத்தைத் தளத்தில் நிறுத்துவது பெரிய வேலையன்று. செண்பகராமன் பிள்ளையே எம்டனில் வந்து சென்னையைத் தாக்க வழிகாட்டினார் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவொன்றை அமைத்துக்கொண்டிருந்தார்; அடுத்து பெர்லினுக்குச் சென்றார். ஆகஸ்டு 6 அன்று சிங்தாவிலிருந்து கிளம்பி, சென்னையை அடையும்வரை கடலிலேயே திரிந்த கப்பலில் அவர் இருந்திருக்க வழியில்லை. நண்பருக்கு என் மறுப்புப் பிடிக்கவில்லை. "துருவைக்கூட ஆராய்ந்து வைக்கிறீர், ஒரு தமிழனுக்கு இடமில்லையா?" என்றார். துருவை ஆராய்வதால்தான் இடமில்லை என்றேன். அன்று தேநீர் சற்று மௌனமாகவே கழிந்தது. அயல்நாட்டில் உழைத்து 1934இல் பெர்லினில் மறைந்த ஒருவருக்கு அவர் ஏறாத கப்பலைக் கொடுத்துத்தானா பெருமை சேர்க்க வேண்டும்?

எம்டனின் முடிவு விரைவில் வந்தது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தைத் தகர்க்கக் கரையிறங்கிய அணி திரும்புமுன், ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்துவிட்டது. சிதைந்த எம்டனை முல்லர் வடகீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாறைமேல் கிடந்த கூட்டில்தான் துரு உண்மையில் படர்ந்தது. 1950களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அதில் பெரும்பகுதியை உடைத்தெடுத்துச் சென்றது.

என் மாதிரி செப்டம்பர் 22ஐக் காட்டுகிறது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே மங்கிய பச்சையில் பாசி ஏற்றியிருக்கிறேன். பல வாரம் வெப்பக்கடலில் கிடந்த அடிப்பாகம் அல்லவா. எம்டனுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகளே. பிரிட்டனின் யார்மவுத் கப்பலைப்போல் தோன்றுவதற்காக மரச்சட்டமும் கேன்வாஸ் துணியும் கொண்டு நான்காவதாக ஒரு போலியை வைத்திருந்தனர். அக்டோபர் 28 அன்று பினாங்குக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது அந்த வேடத்தில்தான். அதையும் சிறிதாகச் செய்து கப்பலின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விரும்பினால் பொருத்திப் பினாங்கு நாளைக் காட்டலாம். ஆனால் இடையில், அக்டோபர் 9, 10 தேதிகளில், போர்ச்செய்தியே எட்டாத டீகோ கார்சியாத் தீவில் நங்கூரமிட்டு, கப்பலைச் சாய்த்து அடிப்பாகத்தைச் சுரண்டித் துப்புரவாக்கினர். நான்காம் புகைபோக்கியைப் பொருத்துவதானால் நானும் முதலில் பாசியைச் சுரண்ட வேண்டும்.