புதுச்சேரியின் பெயர் தாங்கிய கௌதாரி

மழை ஓய்ந்த தை மாதக் காலையில் மரக்காணம் உப்பளங்களின் வரப்பில் நின்று பார்த்தோர் அக்காட்சியை எளிதில் மறவார். ஒரு புறம் தொழிலாளர்கள் பாத்திகளைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பர். மறுபுறம், கணுக்கால் அளவே ஆழமுள்ள உப்புநீர்ப் பரப்பில், வடதிசைக் குளிரை விட்டு வந்த உள்ளான்களும் நம் நாட்டிலேயே வாழும் பவளக்காலிகளும் இரை தேடிக்கொண்டிருக்கும். அண்மைக் காலமாக மூன்றாவது கூட்டம் ஒன்றும் அங்கே தென்படுகிறது. நீண்ட வில்லை பொருத்திய ஒளிப்படக் கருவிகளைத் தோளில் சுமந்து விடுமுறை நாள்களில் வரும் பறவை அன்பர்களே அவர்கள். அவர்களோடு நாமும் சிலமுறை சென்றதுண்டு.

கருவி புதிது, ஆனால் இக்கரையின் பறவைகளைப் படமாக்கிப் பெயரிடும் ஆவல் முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. சென்னைக் கோட்டையில் அறுவை மருத்துவராயிருந்த எட்வர்ட் பக்லி என்பார் அனுப்பிய பறவை ஓவியங்கள், ஜான் ரே என்னும் ஆங்கில அறிஞரின் பெயரில் 1713இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றன. பின்னர் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரரான பியேர் சொன்னெரா, தம் பயண நூலை 1782இல் வெளியிட்டார். அதில் அவர் ‘புதுச்சேரிக் கௌதாரி’ என்று ஒரு பறவையை விவரித்தார். ஜெர்மனியில் இருந்த க்மெலின் என்னும் அறிஞர் அவ்விவரத்தைக் கொண்டே 1789இல் அதற்கு லத்தீன் பெயர் சூட்டினார். ‘பாண்டிசெரியானஸ்’ என்பது இன்றும் அப்பெயரில் நிலைத்திருக்கிறது. சூட்டியவரோ இந்திய மண்ணை மிதித்தவரே அல்லர்! உப்பளங்களுக்கு அப்பாலுள்ள முட்புதர்களில் காலையிலும் மாலையிலும் உரக்கக் கூவும் அதே கௌதாரிதான் அது. காட்டுக்கீச்சான் என்னும் சிறு பறவைக்கும் இவ்வாறே நம் அண்டை நகரின் பெயர் கிடைத்தது.

அக்காலத்தில் ஒரு பறவையை அறிவது என்பது பெரும்பாலும் அதைக் கொல்வதாகவே இருந்தது. சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பதப்படுத்தி, சீட்டுக் கட்டிப் பெட்டியில் அடுக்கினால்தான் அது சான்றாகும். காங்கிரஸ் பேரியக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 80,000 மாதிரிகளைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு 1885இல் வழங்கினார். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையினர் நடத்தும் அருங்காட்சியகத்துக்கு நம் வாசகர் பலர் சென்றிருப்பர். கண்ணாடிக்குப் பின்னே அசையாது நிற்கும் அங்குள்ள பறவைகளும் அம்மரபைச் சேர்ந்தவையே. அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று; அந்த மாதிரிகள் இல்லையேல் இன்று நம் கையிலுள்ள வழிகாட்டி நூல்களும் இல்லை.

சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டனையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ நூலில், லத்தீன் பெயர்களோடு தமிழ், தெலுங்குப் பெயர்களும் இடம்பெற்றன. அவற்றைச் சொன்னவர்கள் யார்? வலை விரித்த வேட்டைக்காரர்களும் வயலில் நின்ற உழவர்களுமாகத்தான் இருக்க வேண்டும். சொன்ன சொல் அச்சேறியது. சொன்னவர் பெயர் ஏறவில்லை.

துப்பாக்கியின் இடத்தை வில்லை பிடிக்கத் தொடங்கியது இங்கிலாந்தில். கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டைப் படமெடுத்தனர். வெறும் கூடாக்கிய மாட்டுடலுக்குள் ஒளிந்திருந்து படமெடுத்த வேடிக்கையும் அவர்களுடையதே. நம் நாட்டில் சலீம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ 1941இல் வந்தபின், சுடாமலே பறவையை அடையாளம் காணப் பொதுமக்களுக்கு வழி பிறந்தது. தமிழகத்தில் இத்துறைக்கு மதிப்புத் தேடித் தந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளைப் படங்களால் பெயர் பெற்ற அவர், பறவைகளைப் பற்றித் தமிழிலும் எழுதினார். படத்தைவிடப் பார்வையே பெரிது என்பதற்கு அவர் கட்டுரைகளே சான்று என்பது நம் கருத்து.

மரக்காணத்தை அடுத்த கழுவேலி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. 2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அன்பர் எடுக்கும் ஒரு படம் இன்று தோலுக்குரிய சான்றின் இடத்தைப் பெறுகிறது. ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. ஆயினும் வில்லையும் ஊறு செய்யக்கூடும். உப்புக்கொத்தி கூடு கட்டுவதில்லை. மண்ணின் நிறத்தையே கொண்ட முட்டைகளை வெறுந்தரையில் இடுகிறது. படத்துக்காக நாம் நெருங்கி நின்றால் தாய் எழுந்து ஓடும். முட்டை வெயிலில் வேகும், அல்லது காக்கைக்கு இரையாகும்.

ஒரு பங்குனி மாதத்தில் நாமே அத்தவற்றைச் செய்யவிருந்தோம். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்த அச்சிறு பறவையைப் பட்டாணி உப்புக்கொத்தி என்று நூலின் துணையால் தேர்ந்து, இன்னும் தெளிவான படம் வேண்டி வரப்பில் முன்னேறினோம். உப்பு வாரிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கைப்பலகையை நிறுத்திவிட்டு, “அந்தப் பக்கம் வேணாம் ஐயா, முட்டை கெடக்குது. இப்படிச் சுத்திப் போங்க” என்றார். எங்கே என்று கேட்டோம். அவர் சுட்டிய இடத்தில் நமக்குச் சரளைக் கற்களே தெரிந்தன. அவர் காட்டிய வழியே சுற்றிப் போனோம்.