ஸ்ப்ளைன் வரலாற்றில் புள்ளிகளின் இடத்தெரிவு

தள வளைகோடு ஒன்றை ஸ்ப்ளைன் வடிவிற்கு மாற்றுங்கால், முதற்கண் அதன்மீது மாதிரிப் புள்ளிகள் தெரிவுசெய்யப்படுகின்றன. புள்ளிகள் மிகுந்தால் துல்லியமும் மிகும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. 1901இல் கார்ல் ரூங்கே இதற்கு மாறானதை நிறுவினார்: சமதூரப் புள்ளிகளின் வழியே ஒற்றைப் பல்லுறுப்புக்கோவையைச் செலுத்தின், புள்ளிகள் பெருகப் பெருக முனைகளையொட்டிப் பிழையும் பெருகக்கூடும். 1946இல் ஐசக் ஷோன்பெர்க், கணுக்களில் இழைந்து கூடும் பல்லுறுப்புக்கோவைத் துண்டுகளை ஆராய்ந்தார்; வரைவாளர்கள் எடைகளால் நிறுத்தி வளைத்த மெல்லிய சட்டத்தின் பெயரையே அவற்றிற்குச் சூட்டினார். எனினும் அவர் எடுத்துக்கொண்டவை சமதூரத் தரவுகளே. 1973இல் கார்ல் டி போர், கணுக்களின் இடத்தையும் மாறியாகக் கொண்டு, சார்பு விரைந்து மாறும் பகுதிகளில் அவற்றைச் செறிக்கும் முறையை முன்வைத்தார். நேர்ப்பகுதியில் புள்ளிகளைக் குறைத்துக் கூர்வளைவில் மிகுக்கும் மாதிரியெடுப்பும் இந்நோக்கினதே. எனவே, எத்தனை புள்ளிகள் என்பதினும் எங்கே என்பதே முதன்மையான வினா என இவ்வரலாறு காட்டுகிறது எனலாம்.