திபேரியஸின் வெள்ளரியும் யமுனைக் கரையின் கக்டியும்

ரோமப் பேரரசர் திபேரியஸ் (ஆட்சி: கி.பி. 14–37) ஆண்டு முழுவதும் வெள்ளரிக்காய் உண்டார் என்பதும், அதற்காகவே உலகின் முதல் கண்ணாடி வீடு கட்டப்பட்டது என்பதும் தோட்டக்கலை வரலாறுகளில் அடிக்கடி காணப்படும் செய்திகள். முதல் செய்திக்குச் சான்று உண்டு. இரண்டாவது, பின்வந்தோர் சேர்த்த மெருகு. மூல நூல்கள் பேசுவது வீட்டைப் பற்றி அன்று. கூடைகளையும் சக்கரங்களையும் பற்றி.

சான்று தருவோர் இருவர். மூத்த பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ 19ஆம் நூலில், பேரரசருக்கு இக்காயின் மேல் தனி விருப்பம் இருந்ததையும், தோட்டக்காரர்கள் சக்கரம் பூட்டிய பாத்திகளை வெயிலுக்கு நகர்த்திக் குளிர்நாளில் காப்புக்குள் இழுத்துக்கொண்டதையும் குறிக்கிறார். அதே நூலில்தான், காய்கறியிலும் செல்வர் உணவு, ஏழை உணவு என்ற பிரிவு வந்துவிட்டதென்று அவர் சினம் கொள்கிறார். ஆகவே சக்கரப் பாத்தி அவர் பார்வையில் ஓர் ஆடம்பரம். அதற்குமேல் அதில் அவருக்கு ஆர்வம் இல்லை.

கொலுமெல்லாவின் பார்வை வேறு. இன்றைய ஸ்பெயினின் காதிஸ் நகரில் பிறந்த இவர், உழவைத் தெரிந்து எழுதியவர். தமது வேளாண் நூலின் 11ஆம் பகுதியில் அவர் தரும் முறை இது: நடுக்குளிர் கழிந்ததும் கூடைகளில் எருவிட்ட மண்ணை நிரப்பி விதையிட வேண்டும், அளவாக நீர் தர வேண்டும். முளை வந்தபின், இளஞ்சூடான நாள்களில் கூடைகளை வெளியே எடுத்துக் கட்டடத்தின் அருகே, காற்று தாக்காதபடி வைக்க வேண்டும். குளிரும் புயலுமான நாளில் கூரைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். வசந்த காலச் சம இராப்பகல் நாள் கடக்கும்வரை இப்படியே செய்து, பின் கூடையோடு மண்ணில் புதைத்துவிட வேண்டும். பெரிய கலங்களாயின், உழைப்பு குறையச் சக்கரம் பொருத்தலாம் என்பது இதற்குப் பின்னர் வரும் யோசனை. திபேரியஸின் பெயர் இறுதியில் ஒரு வரியாக மட்டுமே வருகிறது.

காப்புக்கு இருவரும் ஆளும் சொல் ‘ஸ்பெகுலாரியா’. ஜிப்சம் வகைக் கல்லை மெல்லிய ஏடுகளாகப் பிளந்து செய்த, ஒளி ஊடுருவும் தகடுகள் அவை. அச்சொல்லைக் ‘கண்ணாடி’ என்று பெயர்த்ததில் கவனம் முழுவதும் தகட்டின் மீது போயிற்று. வெளியே எடுப்பதும் உள்ளே கொண்டுவருவதுமான அன்றாட வேலை கதையிலிருந்து நழுவிற்று. கொலுமெல்லாவின் பத்தியில் மையமாக இருப்பதோ அந்த வேலைதான். தகட்டின் பயன்கூட, குளிர்நாளிலும் வானம் தெளிந்திருந்தால் செடியை அச்சமின்றி வெளியே கொண்டுவரலாம் என்பதாகவே அவர் சொல்கிறார்.

அந்த வேலையின் தேவையைப் பிற்கால அறிவியல் விளக்குகிறது. காப்புக்குள் வளர்ந்த நாற்றின் இலையில் மெழுகுப் படலம் மெலிந்திருக்கும். தண்டு நீண்டு துவளும். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். ஒரு வாரம் பத்து நாள் நீரைக் குறைத்து, வெளியில் இருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் படலம் தடிக்கும், தண்டு இறுகும். காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. 1973இல் மார்க் ஜாஃபி, செடிகளின் தண்டை நாளும் சில நொடிகள் தேய்த்து, அவற்றின் நீட்சி குறைவதைக் காட்டினார். தொடுகையால் வரும் இம்மாற்றத்துக்குக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஒரு நீண்ட பெயரும் சூட்டினார். அவர் தேய்த்த செடிகளுள் வெள்ளரியும் ஒன்று. இச்செயலுக்கு ஆங்கிலம் ‘கடினமாக்குதல்’ எனப் பொருள்படும் சொல்லை வழங்க, தமிழ்த் தோட்டக்காரர் ‘வெயிலுக்குப் பழக்குதல்’ என்கிறார். தமிழ்ச் சொல்லே பொருத்தமானது. செடி தானாக மாறுகிறது, மனிதர் வாய்ப்பு மட்டுமே தருகிறார்.

பேரரசர் உண்டது வெள்ளரிதானா என்பது அடுத்த கேள்வி. லத்தீனின் ‘குகுமிஸ்’ என்ற சொல்லைப் பிற்கால மொழிபெயர்ப்பாளர்கள் வெள்ளரி என்றே கொண்டனர். பழைய ஓவியங்களையும் வருணனைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, அது முலாம்பழ இனத்தைச் சேர்ந்த, நீண்டு வளைந்த பாம்புக்காய் என்று நிறுவுகிறது. உண்மையான வெள்ளரியின் தாயகம் இந்தியா. மத்தியதரைக் கடற்கரைக்கு அது பின்னரே சென்றது. இந்தி பேசுவோருக்கு இக்குழப்பமே இல்லை: வெள்ளரி ‘கீரா’, பாம்புக்காய் ‘கக்டி’. ஆக, கோடையில் தில்லித் தெருக்களில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்கும் கக்டி, திபேரியஸின் தட்டில் இருந்த காயின் உறவு. தமிழில் கக்கரி என்ற சொல் இருந்தும், வெள்ளரி என்ற ஒரே பெயர் பல இடங்களில் இரண்டையும் மூடிவிட்டது.

கக்டி விளையும் யமுனைப் படுகையிலும் கொலுமெல்லாவின் நோக்கமே வேறு உருவில் செயல்படுகிறது. வெள்ளம் வடிந்த மணலில் குழியும் வாய்க்காலும் தோண்டி, எருவிட்டு, குளிர் தொடங்கும் பருவத்திலேயே விதைக்கிறார்கள். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்கச் சர்கண்டா என்னும் உயரமான புல்லால் சாய்வான தட்டிகள் நிற்கும். தெற்குப் பக்கம் வெயிலுக்குத் திறந்திருக்கும். இங்கே செடி நகர்வதில்லை, காப்பு நகர்கிறது. குளிர் தணிந்ததும் தட்டிகள் எடுக்கப்படும். அண்மைக் காலத்தில் பாலித்தீன் பையில் நாற்று வளர்த்து, பனி அபாயம் நீங்கியபின் நடும் முறையும் பரவியுள்ளது. வேரைக் கலைத்தால் இக்குடும்பச் செடிகள் தாங்கா என்பதால் மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குகிறார்கள். கூடையோடு புதைக்கச் சொன்னதன் பயனும் அதுவே.

முந்திவரும் காய்க்குக் கிடைக்கும் கூடுதல் விலையே இத்தனை உழைப்புக்கும் காரணம். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தோட்டக்காரர்கள், மணி வடிவக் கண்ணாடிக் கவிப்புகளைப் படிவெட்டு உடைய மரத்துண்டால் தூக்கி நிறுத்திக் காற்றை அளந்து விட்டதும் அந்த விலைக்காகத்தான்.

தில்லிப் படுகையின் உழவரில் பலர் குத்தகைக்காரர். நிலம் அவர்கள் பெயரில் இல்லை. யமுனை நீரில் கலந்த கழிவைக் காரணம் காட்டி, 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே உணவுப் பயிர் விளைவிக்கத் தடை விதித்தது. கழிவை ஆற்றில் விட்டது நகரம். நிலத்தை இழப்பவர் உழவர். சாகுபடி முற்றிலும் நின்றுவிடவில்லை. பயிரை அகற்றும் நடவடிக்கைகளும் நிற்கவில்லை.