ஸ்கெட்ச் கட்டுப்பாடுகளில் முரண்: ஒரு வரலாறு

கணினிவழி வடிவமைப்பில் (கேட்) ஒரு வரைபடத்தின் கோடுகளும் புள்ளிகளும் எப்படி நிற்க வேண்டும் என்று விதிக்கும் நிபந்தனைகள் கட்டுப்பாடுகள் எனப்படும். கிடைமட்டம், சமச்சீர், நீளம், கோணம் ஆகியவை அவற்றுள் சில. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்துவிட்டால் மென்பொருள் வடிவத்தைத் தீர்க்க முடியாமல் நின்றுவிடும். கேட் பழகும் மாணவர் தொடக்கத்திலேயே சந்திக்கும் இச்சிக்கல் கணினியை விடப் பழையது.

கணினிக்கு முன்

கோயில் கட்டும் ஸ்தபதிகள் அகலத்தை வைத்தே உயரத்தைக் கணிப்பர். மானசாரம் அகலத்திற்குச் சமமான உயரம் முதல் இருமடங்கு உயரம் வரை ஐந்து விகிதங்களைச் சொல்கிறது. இதோடு ஆயாதிப் பொருத்தமும் உண்டு. யோனி காண, அளவை 3 ஆல் பெருக்கி 8 ஆல் வகுக்க வேண்டும். மீதி ஒற்றைப்படையாக வந்தால் நன்று. 26 என்ற அளவுக்கு மீதி 6, ஆகவே விலக்கு. 27 எனில் மீதி 1, ஏற்கலாம். விகிதமும் ஆயாதியும் ஒத்துப்போகாத இடத்தில் ஸ்தபதி அளவைச் சற்றே கூட்டியோ குறைத்தோ சரிசெய்வார்.

ஐரோப்பாவில் 1864 இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், கம்பிச் சட்டகம் அசையாமல் நிற்க எத்தனை கம்பிகள் வேண்டும் என்று கணக்கிட்டார். தளத்தில் புள்ளிகளின் எண்ணிக்கையை இரட்டித்து 3 கழித்தால் போதும். 4 புள்ளிகளுக்கு 5 கம்பிகள். ஆனால் மொத்தம் சரியாக இருந்தும் ஒரு பகுதியில் கம்பி மிகுந்து, மறுபகுதியில் குறைந்தால் சட்டகம் ஆடும். எந்தப் பகுதியிலும் கணக்கு மிகக்கூடாது என்னும் தேற்றம், 1970 இல் அதை வெளியிட்ட லாமன் பெயரால் வழங்குகிறது. ஹில்டா கைரிங்கர் 1927 இலேயே அதை நிறுவியிருந்தும் பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஸ்கெட்ச்பேட் முதல்

1963 இல் எம்.ஐ.டி. மாணவர் இவான் சதர்லேண்ட் டி.எக்ஸ்-2 கணினியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் வரைந்த கோடுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்க இடம் தந்தது. நிபந்தனைகள் மோதினால் பிழை மிகக் குறைவான வடிவத்தை அது நாடியது. ஸ்தபதியின் வழியும் ஏறத்தாழ இதுவே. இயந்திர உறுப்பு செய்பவருக்கு இந்தச் சமரசம் உதவாது. துளை 10 மி.மீ. என்றால் 10 மி.மீ. தான். 1988 இல் வந்த ப்ரோ/இன்ஜினியர் அளவுருவழி வடிவமைப்பைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு சென்றது. கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட் இன்று முரண்படும் கட்டுப்பாடுகளின் எண்களையே பட்டியலிட்டுக் காட்டுகிறது.

தென்காசிக் கோபுரம் வரைந்தால்

பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் சிதைந்துபோய், 9 நிலைகளோடு மீண்டும் கட்டப்பட்டு 1990 இல் குடமுழுக்குக் கண்டது. அதன் முகப்பைச் சரிவகமாக வரைவதாகக் கொள்வோம். நான்கு மூலைகளுக்கும் சேர்த்து 8 அசைவுகள். அடிப்புள்ளிகளை நடு அச்சுக்குச் சமச்சீராக்கினால் 2, மேற்புள்ளிகளை அவ்வாறே ஆக்கினால் 2, அடிக்கோட்டைத் தரையில் வைத்தால் 1 என 5 அடங்கும். மிச்சம் 3: அடி அகலம், உச்சி அகலம், உயரம்.

பலரும் இங்கே மேற்கோட்டுக்குக் கிடைமட்டக் கட்டுப்பாடும் இடுவர். சமச்சீரே அதைக் கிடையாக்கிவிட்டதால் அது மிகை, முரண் அன்று.

முரண் கோணத்தில் வருகிறது. கணக்குக்காக அடி 80, உச்சி 30, உயரம் 175 அடி என்று வைப்போம். ஒவ்வொரு பக்கமும் 25 அடி உள்வாங்கும், சாய்வு 81.87 பாகை என்று தானாகவே அமையும். அதை முழு எண்ணாக்கி 82 என்று கொடுத்தால் உயரம் ஏறத்தாழ 178 அடியாக வேண்டும். 175 அதற்கு இடம் தராது. 80 என்று கொடுத்தால் 142 அடிக்கு இறங்க வேண்டும். பிழைச்செய்தி கண்டதும் கைக்கு வந்த கட்டுப்பாட்டை அழிப்பது கெட்ட பழக்கம். வேண்டிய உயரமே போய்விடலாம். எந்த அளவு உறுதியானது, எது அதிலிருந்து பிறப்பது என்று முதலில் பிரிக்க வேண்டும். இங்கே கோணம் பிறப்பது. அதை அழிக்கவும் தேவையில்லை. குறிப்பளவாக மாற்றினால் உயரம் மாறும்போதெல்லாம் புதிய சாய்வை மென்பொருளே காட்டும்.