கணக்காயர் காட்டிய வழி

தியானம் என்றவுடன் காடும் மலையும் காவியுடையும் நம் நினைவுக்கு வருகின்றன. குடும்பப் பொறுப்பும் அலுவலகச் சுமையும் தாங்கும் இல்லறத்தாருக்கு அஃது எட்டாக்கனி என்று எண்ணுவோர் பலர். அவர்களுக்கு நான் பர்மா நாட்டு வரலாறு ஒன்றைக் கூற விரும்புகிறேன்.

அந்நாட்டில் சாயா தெட்ஜி என்றோர் உழவர் இருந்தார். அவர் துறவியல்லர், லெடி சயாடோ என்னும் பௌத்தத் துறவியிடம் விபாசனா பயின்றவர். 1937ஆம் ஆண்டில் அரசாங்கக் கணக்கர் ஒருவர் அவரிடம் பயிலச் சென்றார். ஊ பா கின் என்பது அவர் பெயர். 1948இல் பர்மா விடுதலையடைந்தபோது அவரே தலைமைக் கணக்காயரானார். 1950இல் தம் அலுவலகத்தாருக்கென விபாசனா சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1952இல் ரங்கூனில் தியான நிலையம் நிறுவினார். ஒரே காலத்தில் பல துறைகளுக்குத் தலைமை தாங்கியவாறே இதனையும் செய்தார். பழந்தமிழில் கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் சொல்லன்றோ? இவர் இருபொருளிலும் கணக்காயர்.

முதலில் மூச்சின் போக்கை நோக்குதல். பின்னர் தலைமுதல் கால்வரை உடலில் எழும் உணர்ச்சிகளை விருப்பும் வெறுப்பும் இன்றிக் கவனித்தல். இதுவே அவர் கற்பித்த முறை. கடுமையான ஒற்றைத் தலைவலியால் வருந்திய சத்திய நாராயண கோயங்கா என்னும் வணிகர் 1955இல் அவரை நாடினார். நோய் தீர்வதற்காக மட்டுமெனில் ஏற்பதற்கில்லை என்றார் ஆசிரியர்; மனத்தைத் தூய்மை செய்வதே நோக்கம், பிற நன்மைகள் அதன் வழியே வருவன என்பது அவர் கொள்கை. அதற்கு இசைந்து பயின்ற அவ்வணிகர், 1969இல் பம்பாய்க்கு வந்து இந்தியாவில் அக்கலையைப் பரப்பலானார்.

அமெரிக்காவிலோ நோய் தீர்க்கும் நோக்குடனேயே மருத்துவர்கள் தியானத்தை ஆராய்ந்தனர். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் மந்திரம் உருவிடுவோரைச் சோதித்தார். அவர்களுடைய மூச்சு தணிவதையும் உடல் கொள்ளும் பிராணவாயு குறைவதையும் கண்டார். எச்சொல்லையும் அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் போதுமென 1975இல் வெளியிட்ட நூலில் எழுதினார். 1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பயிற்சியொன்றை அமைத்தார். ஓர் உலர்ந்த திராட்சையை மெல்லச் சுவைத்து உண்பதும் அதிலே ஒரு பாடம்.

இவற்றால் விளையும் பயன் யாது? 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த மதிப்பீடு, கவனப் பயிற்சியால் பதற்றமும் சோர்வும் வலியும் ஓரளவு குறைவதைக் காட்டிற்று. ஆயினும் மருந்தையோ உடற்பயிற்சியையோ அது விஞ்சியதாகச் சான்றில்லை. மந்திர முறைக்குப் போதிய ஆய்வுகளே இல்லை.

ஆகவே என் கருத்து இது: ஓரிடத்தில் நில்லாது அலையும் மனத்தினர் ஒரு சொல்லைப் பற்றலாம், உடலில் இறுக்கத்தை உணர்வோர் மூச்சையும் உடலையும் கவனிக்கலாம். தூக்கமின்மையும் துயரமும் நீடிப்பின் மருத்துவரை நாடுதலே முறை. அளவுக்கு மிஞ்சிய பணியை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டுத் தியானம் செய்க என்று கூறுதல் அறமாகாது. சுமையைக் குறைப்பது சுமத்தியவர் கடமை. எஞ்சிய சுமையைக் கலங்காது தாங்கவே தியானம் துணைநிற்கும்.